முதல் டிகாக்‌ஷன் யாருக்கு?

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கணக்கைக் காசு பிசகாமல் வைத்திருக்கும் பொருளாளர் அவர்களே, இரண்டு தலைமுறைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் மாலையோடு வீற்றிருக்கும் பொன்விழாத் தம்பதியரே, நம் மும்பையின் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும், இந்த மழையில் ரயில் மாறி டோம்பிவிலியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நம் வார்டு உறுப்பினர் மராத்தி பேசுபவர். புரியாத மொழியில் ஒரு மணி நேரமாகப் பொறுமையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அவர் மொழியிலேயே: மனபூர்வக் ஆபார், மனமார்ந்த நன்றி.

இல்லறத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கும் சிரிப்பு. இரண்டு, ஊடல். மூன்று, வீட்டுப் பணக்கணக்கு. மூன்றையும் கட்டிப்போட ஒரு பழமொழி வைத்திருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எதுவென்று தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

அம்மி என்றதும் கல்யாண மேடை நினைவுக்கு வர வேண்டும். மணமகன் குனிந்து, மணமகளின் காலைத் தன் கையால் பிடித்து அம்மிமேல் வைக்கிறான். இந்தக் கல்லைப் போல் உறுதியாக இரு என்பது அந்தச் சடங்கின் பொருள். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தொடும் நாள் அது. அதற்கு மறுநாள் முதல் அந்த அம்மிப் பக்கம் அவன் போவதே இல்லை. என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சிரிப்பு. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை. அதில் 132ஆம் அதிகாரம், புலவி நுணுக்கம், வீட்டு நகைச்சுவையின் உச்சம். கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயை மூடுவதற்குள் அழுகிறாள்: ‘யாருள்ளித் தும்மினீர்?’ எவள் நினைத்ததால் உமக்குத் தும்மல் வந்தது? சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகிறாள்: உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ! தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். இந்த அவையில் இதை அனுபவிக்காத கணவர் யார்?

ஊடலுக்கு அளவும் வள்ளுவரே சொல்லிவிட்டார். ‘உப்பமைந் தற்றால் புலவி, அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்.’ ஊடல் உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும். நீள விட்டால் உப்புக் கூடிய கதைதான். அன்றைய கோபம் அன்றைய ராத்திரிச் சாப்பாட்டைத் தாண்டக் கூடாது. ஊடலைப் பற்றி இது போதும். இனி அந்த அம்மி இருக்கும் சமையலறைக்கு வருவோம்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புது மனைவி, முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணைச் சூழ்கிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. ஒரே சொல்தான், இனிது. இன்றைக்கு எத்தனை வீட்டில் அந்த ஒரு சொல்லாவது விழுகிறது? ஆனால் அந்தச் சொல் மட்டும் போதாது. புகை பட்டது அவள் கண்ணில். நாளைக்கு ஒரு நாள் அவன் கண்ணிலும் படட்டும் என்பதே என் கட்சி.

செம்பூரில் ஒரு தம்பதி. பெயர் வேண்டாம், நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள். ஐயா அஞ்சல் பிரிப்பகத்தில் 36 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஜூலை மாதம், மகளின் பிரசவத்துக்காக அம்மா புனே போய்விட்டார். மறுநாள் காலை 5.45க்கு அங்கே போன் அடிக்கிறது.

“டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை.”

“தூளை மேல் பாத்திரத்துலதானே போட்டீங்க?”

“ஆமாம்.”

“தூள்மேல பில்டரோட குடைத் தட்டை வெச்சு அமுக்கினீங்களா? எப்படி அமுக்கினீங்க?”

“முத்திரை குத்துற மாதிரி. நாலு குத்து.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பேரக்குழந்தை எழுந்துவிட்டது. “ஒரு துணியால குடையோட காம்பைப் பிடிச்சு நூலளவு மேல தூக்குங்க.” இவர் தூக்கினார். அரை நிமிடம் கழித்து, “சொட்டுது! சொட்டுது!” என்று கத்தினார். மாடி வீடு, மழைக்காலம். கூரை ஒழுகுகிறதாக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்துவிட்டார்!

கதை இதோடு முடியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி போன்: “சக்கையைக் கொட்டிடட்டுமா?”

“கொட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் வெந்நீர் விடுங்க. ரெண்டாவது டிகாக்‌ஷன் இறங்கும்.”

“அது யாருக்கு?”

“எனக்கு.”

“நீ புனேல இல்ல இருக்கே?”

இரண்டு பக்கமும் பேச்சில்லை. அத்தனை வருஷமாகத் தான் குடித்தது முதல் டிகாக்‌ஷன், அவள் குடித்தது இரண்டாவது என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 40 நாள் கழித்து அம்மா திரும்பி வந்த காலையில், முதல் டிகாக்‌ஷனில் காப்பி கலந்து நுரை ததும்பக் கையில் கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “ஐயையோ, என்ன இது கஷாயம்!” என்று பாலை ஊற்றினாராம். நாக்கு மெல்லிசுக்குப் பழகிவிட்டது. இப்போது இரண்டு டிகாக்‌ஷனையும் ஒன்றாகக் கலந்து சரிபாதி ஊற்றுகிறார். தினமும் ஒரு சின்னச் சண்டை, உப்பளவு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்!

ஆகவே கணவர்மாரே, காலை டிகாக்‌ஷன் இனி உங்கள் பொறுப்பு. இரண்டு பேருக்குக் கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மேசைக்கரண்டியால் தலைதட்டி நான்கு கரண்டித் தூள், ஏறக்குறைய 20 கிராம். தண்ணீர் 150 மில்லி. கொதித்ததும் இறக்கி, தளதளப்பு அடங்கியபின் ஊற்றுங்கள். தூளைச் சமமாகப் பரப்பிக் குடையைப் படிய வையுங்கள். விரலின் எடை போதும், கையின் எடை வேண்டாம். முதலில் தூள் நனையும் அளவுக்குச் சிறிது நீர் விட்டு அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மீதியை மெல்லச் சுற்றி ஊற்றி மூடுங்கள். கால் மணியில் 110 மில்லி அளவுக்கு இறங்கும். மீதித் தண்ணீரைத் தூள் பிடித்துக்கொள்ளும், அதைத் தேடாதீர்கள்.

இறங்கவில்லையா? தூள் மாவாக அரைபட்டிருக்கும், அல்லது அழுத்தம் அதிகம், அல்லது துளையில் பழைய தூள் அடைத்திருக்கும். துளை அடைத்திருந்தால், எவர்சில்வர் பில்டராக இருக்கும் பட்சத்தில், வெறும் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டுங்கள். அடைத்த தூள் கருகி, தட்டினால் உதிர்ந்துவிடும். சில நேரம் இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தி, கீழே ஆவி அடைபட்டுச் சொட்டு நின்றுவிடும். மேல் பாத்திரத்தைச் சற்றே அசைத்து ஆவிக்கு வழி விட்டால் போதும். சடசடவென்று இறங்கி மெல்லிசாக வந்தால் தூள் கரகரப்பு. மும்பை மழையில் இன்னொரு தொல்லை: சிக்கரி கலந்த தூள் ஈரத்தை இழுத்துக் கட்டிப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே தடவை கிலோ கணக்கில் வாங்காதீர்கள். 200 கிராம் அரைத்து வாங்கி, ஈரக் கரண்டி படாமல் இறுக மூடி வையுங்கள்.

ஒரு காப்பிக்காகவா இத்தனை பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2019இல், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது, மகிழ்ச்சி. ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டதே! ஐந்து ஆண்டில் அம்மி எங்கே நகர்ந்தது? விடியற்காலையில் அவளுக்கு முன் எழுந்து வெந்நீர் வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் முதலில் சொன்ன சிரிப்பும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அவர் பெருந்தன்மையால் ஏற்கெனவே ஏழு நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டேன். பணக்கணக்கை இன்னொரு மேடையில் பேசுவோம்.

அந்த நீல மேசைமேல் ஆறு பில்டர் வைத்திருக்கிறோம். செயலாளர் அவர்கள் அன்போடு தூளும் பாலும் வரவழைத்திருக்கிறார். வெந்நீர் கொதித்து இறக்கியாகிவிட்டது. பொன்விழா மாப்பிள்ளை முதலில் வரட்டும், அவர் பின்னால் மற்ற ஐயாமார் வரிசையில் நில்லுங்கள். தாய்மார்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். டபராவும் டம்ளருமாக உங்கள் இடத்துக்கே வரும். நன்றி, வணக்கம்.