நாப்பழக்கம்: பெக்கி ஆஷ்கிராஃப்டை முன்வைத்து ஒரு பேச்சு

(மேட்டுப்பாளையத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத்துப் பெரியவர் அவர்களே, மாதாமாதம் நமக்காக நூலகக் கதவை எட்டு மணிவரை திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வட்டத்தின் செயலாளர் தம்பி அவர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒருவரைத் தனியாக வணங்க வேண்டும். எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் எடுத்த புலவர் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வலியோடு இந்தப் படிகளை ஏறி வந்திருக்கிறார். ஐயா, நீங்கள் வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் எழுதிய வரி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." ஔவையின் வாக்கு. அதை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "மேட்டுப்பாளையத்துக்காரனுக்கும் ஒரு இங்கிலாந்து நாடக நடிகைக்கும் என்னய்யா சம்பந்தம்?" சம்பந்தம் உண்டு. நம் ஸ்டேஷனில் இருந்து கிளம்புகிற மலை ரயில்தான் சம்பந்தம். அதற்கு வருகிறேன்.

பெக்கி ஆஷ்கிராஃப்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல ஆசை. அவருடைய குரல், அவருடைய துணிச்சல், ஒரு நாடகக் குழுவைக் கட்டி எழுப்பியதில் அவருக்கு இருந்த பங்கு.

குரலில் தொடங்குகிறேன். லண்டனுக்குத் தெற்கே க்ராய்டன் என்று ஓர் ஊர். அங்கே 1907 டிசம்பர் 22-ல் பிறந்தார் பெக்கி. அப்பா முதல் உலகப்போரில் 1918-ல் இறந்துபோனார். அம்மாவுக்கு நாடகத்தில் ஈடுபாடு உண்டு, ஆனால் மகள் அதைத் தொழிலாகக் கொள்வதில் விருப்பமில்லை. நம் வீடுகளில் நடப்பதுதான். இருந்தாலும் பதினாறு வயதில் பெக்கி ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டார். எல்சி ஃபோகர்ட்டி என்ற அம்மையார் 1906-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தொடங்கிய பள்ளி அது. அதன் பெயரைக் கவனியுங்கள்: பேச்சுக்கும் நாடகத்துக்குமான மத்தியப் பள்ளி. பேச்சு முதலில், நாடகம் பிறகு. பேசக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம்! தாய்மொழியைத்தான், பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியைத்தான், மூச்சு எங்கே எடுப்பது, மெய்யெழுத்தை எப்படி முடிப்பது, கடைசி வரிசைக்கு எப்படிச் சொல்லைக் கொண்டுபோவது என்று உட்கார்த்தி வைத்துப் பழக்கினார்கள். செந்தமிழும் நாப்பழக்கம் என்று ஔவை சொன்னதை அவர்கள் ஆங்கிலத்துக்குச் செய்தார்கள்.

அதே பள்ளியில் உடன் படித்த ஒரு பையன், பிற்காலத்தில் உலகமே அறிந்த லாரன்ஸ் ஒலிவியர். இவர் போர்ஷியா, அவர் ஷைலாக். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வருகிற நீதிமன்றக் காட்சியை நடித்து இருவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அழகான குரல், அழகான குரல் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டே இருந்தது பெக்கிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் படித்துத்தான் அதிகம் கற்றதாக அவர் கருதினார். சரிதான். சொல்லுக்குள் உணர்ச்சி இருக்க வேண்டும். ஆனால் அந்த உணர்ச்சி அரங்கின் கடைசி பெஞ்சில் இருப்பவர் காதில் விழ வேண்டுமே! அதற்கு அந்தப் பள்ளியின் பழக்கம் அறுபது வருஷம் அவருக்குக் கைகொடுத்தது.

எப்படிக் கைகொடுத்தது என்பதற்கு ஒரு காட்சி. சாமுவேல் பெக்கெட்டின் நாடகம் ஒன்றில் வின்னி என்று ஒரு பெண். திரை விலகும்போது இடுப்புவரை மண்மேட்டில் புதைந்திருப்பாள். பக்கத்தில் ஒரு கைப்பை. பல் துலக்குவாள், கண்ணாடி பார்ப்பாள், பேசிக்கொண்டே இருப்பாள். இரண்டாம் பாதியில் கழுத்துவரை புதைந்துவிடுவாள். கை கிடையாது, உடம்பு கிடையாது, தலையைத் திருப்பக்கூட முடியாது. கண்ணும் வாயும்தான் மிச்சம். அந்த வேடத்தை ஏற்றபோது பெக்கிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1976 மார்ச்சில் லண்டனில் தேம்ஸ் கரையில் நேஷனல் தியேட்டரின் புதிய கட்டடம் திறந்தபோது முதலில் மேடையேறிய நாடகம் அதுதான். ஒரு நாட்டின் தேசிய அரங்கமே ஒரு கிழவியின் நாக்கை நம்பித் திறந்திருக்கிறது.

இப்போது துணிச்சல். 1930-ல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம். ஒதெல்லோவாக நடித்தவர் பால் ரோப்சன், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகன். ஒதெல்லோவின் வெள்ளைக்கார மனைவி டெஸ்டிமோனாவாக நம் பெக்கி, வயது 22. கறுப்பின மனிதர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மேடையில் முத்தமிடுவதா என்று பெக்கிக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தத் தியேட்டரை ஒட்டிய பெரிய ஹோட்டலின் உணவகத்தில் முந்தின வருஷம் ரோப்சனுக்கு இடம் தர மறுத்திருந்தார்கள். அரங்கில் கைதட்டல், பக்கத்துக் கட்டடத்தில் கதவடைப்பு. இதையெல்லாம் பார்த்த அந்த இளம்பெண்ணுக்கு மனித உரிமை என்பது ஆயுள் முழுவதும் சொந்த விஷயமாகிவிட்டது.

1935-ல் ஜூலியட். ஒலிவியரும் ஜான் கீல்குட்டும் ரோமியோ வேடத்தை மாற்றி மாற்றி நடித்தார்கள். ரோமியோ மாறினாலும் ஜூலியட் மாறவில்லை.

1963-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் மார்கரெட் ராணி வேடம். ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைத் தொகுத்து மூன்று நாடகங்களாக்கினார்கள். சில நாட்களில் காலை, மதியம், இரவு என்று மூன்றையும் ஒரே நாளில் போட்டார்கள். பெக்கிக்கு வயது 55. காலையில் பிரான்சிலிருந்து வந்த இளம்பெண், இரவில் எல்லாவற்றையும் இழந்து சாபமிடும் கிழவி. நடுவில் ஒரு காட்சி: எதிரியைப் பிடித்து, அவன் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, அவனுடைய சின்ன மகனின் ரத்தத்தில் நனைத்த துணியை "முகத்தைத் துடைத்துக்கொள்" என்று நீட்டுவாள். எத்தனை ஆயிரம் வரிகள், எத்தனை மணி நேரம்! கையில் தாள் கிடையாது. நாப்பழக்கம், ஐயா, நாப்பழக்கம்.

சரி, மலை ரயில் கதைக்கு வருகிறேன். பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

டேவிட் லீன் என்று ஒரு பெரிய இயக்குநர். லாரன்ஸ் ஆஃப் அரேபியா எடுத்தவர். 1970-க்குப் பிறகு அவர் படமே எடுக்கவில்லை. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஈ.எம். ஃபார்ஸ்டரின் எ பாஸேஜ் டு இந்தியா நாவலைப் படமாக்கக் கிளம்பினார். அதில் மிஸஸ் மூர் என்று ஒரு வயதான பெண்மணி. அந்த வேடத்துக்குப் பெக்கியைக் கேட்டார். பெக்கிக்கோ தயக்கம். அப்போதுதான் இந்தியாவைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வேலை செய்திருந்தார். மறுபடியும் வெயில், பயணம், தூசி. உடம்பு தாங்குமா? அவர் சொன்னார்: "மிஸ்டர் லீன், எனக்கு 75 வயது."

லீன் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கும்தான்."

(கைதட்டல்)

இருங்கள், இன்னும் இருக்கிறது. இந்த டேவிட் லீன் எந்த ஊர்க்காரர்? அதே க்ராய்டன்! பெக்கி பிறந்து மூன்று மாதம் கழித்து, 1908 மார்ச் 25-ல் அதே ஊரில் பிறந்தவர். ஒரே ஊரில் தொட்டிலில் கிடந்த இரண்டு குழந்தைகள், எழுபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு படத்துக்காக நம் தென்னாட்டுக்கு வந்தார்கள். பெங்களூருப் பக்கம் படப்பிடிப்பு நடந்தது. கதையில் வருகிற மாராபார் குகைக்குப் போகிற ரயில் காட்சிக்கு நம் நீலகிரி மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து ஏறுமே, அந்தப் பாதை. டாக்டர் அஜீஸ் வேடத்தில் விக்டர் பானர்ஜி ஓடுகிற ரயிலின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டு வருவார், பெட்டிக்குள்ளிருக்கும் பெண்கள் பதறிப்போவார்கள். நாம் வாரம் தவறாமல் கேட்கிற ஊதல் ஒலியை உலகம் முழுக்கக் கேட்டது.

கேளுங்கள். படம் 1984 கடைசியில் வந்தது. துணை நடிகைக்கான ஆஸ்கர் பெக்கிக்குக் கிடைத்தது. விழா நடந்த நாள் எது? 1985 மார்ச் 25. லீனின் 77-ஆவது பிறந்தநாள்! பெக்கிக்கும் 77 வயது. அந்தப் பிரிவில் அத்தனை வயதில் பரிசு பெற்றவர் வேறு யாரும் இல்லை. விழாவுக்கு அவர் போகவில்லை. அவர் சார்பில் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார். அறுபது வருஷம் நடித்தும் பெக்கி நடித்த சினிமாப் படங்கள் கொஞ்சம்தான், மேடைதான் அவருக்கு வீடு.

அந்தப் படத்தில் எனக்கு மறக்க முடியாத இடம், குகை. கதைப்படி அந்தக் குகைக்குள் யார் என்ன சொன்னாலும் ஒரே எதிரொலிதான் வரும். வாழ்த்துச் சொன்னாலும் வசை சொன்னாலும் "பௌம்" என்று ஒரே ஓசை. அதைக் கேட்டு மிஸஸ் மூர் உள்ளுக்குள் உடைந்து போவாள். பெக்கியின் முகத்தில் அந்த உடைவைப் பார்த்தபோது எனக்கு நம் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். வாழை, வாலை, வாளை மூன்றும் ஒரே ஓசையாகி வருகிறது. மழையும் மலையும் ஒன்றாகிவிட்டது. மலையடிவாரத்தில், மழை பார்த்து வாழ்கிற ஊரில், இந்த இரண்டு சொல்லையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. எனக்கு அது பயமாகவே இருக்கிறது.

இதற்காகத்தான் ஆறு வருஷமாக ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை, வாய்விட்டுப் படிக்கவும் நடிக்கவும் ஒரு வகுப்பு. மதிப்பெண் வேண்டாம், பரீட்சை வேண்டாம். ஒரு பள்ளியில் பணிந்து கேட்டேன். கால அட்டவணையில் இடமில்லை என்றார்கள். இன்னொரு பள்ளியில் ஒத்துக்கொண்டார்கள், இரண்டு வாரம் நடந்தது, பிறகு அந்த நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. நான் சோர்ந்துவிடவில்லை.

நகரமன்றத் தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். க்ராய்டன்காரர்கள் 1962-ல் தங்கள் ஊரில் ஓர் அரங்கம் கட்டி, உயிரோடு இருந்த நடிகையின் பெயரை, ஆஷ்கிராஃப்ட் என்று, அதற்கு வைத்தார்கள். 1991-ல் அவர் காலமாகும்வரை அந்த அரங்கத்தை அவரே பார்த்திருந்தார். நான் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. நம் நூலகத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் நான்கடி உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை. மேலே தகரக் கூரை. வணிகர் சங்கத்துப் பெரியவர் கூரைக்கு உதவுவதாகச் சற்று முன் என் காதில் சொன்னார். ஐயா, மேடையில் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் இங்கே இருப்பேன். எத்தனை பிள்ளைகள் வந்தாலும் சரி, சித்திரமும் கைப்பழக்கம் என்று தொடங்கி வாய்விட்டுப் படிக்கச் சொல்லித் தருகிறேன்.

நாடகக் குழு விஷயம் ஒரு வரி. 1960-ல் இயக்குநர் பீட்டர் ஹால் ஸ்ட்ராட்ஃபோர்டில் நிரந்தரக் குழு அமைத்தபோது, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியாக வளர்ந்த அந்தக் குழுவில், முதலில் சேர்ந்தவர்களில் பெக்கியும் ஒருவர். கடைசிவரை அதை விடவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி இப்போது சிலப்பதிகார வழக்குரை காதையில் இருபது வரி சொல்லப் போகிறாள். போன மாதம் வரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை. தம்பி, மைக்கை அணைத்துவிடப்பா. மின்விசிறியையும் கொஞ்ச நேரம். கடைசி வரிசையில் இருக்கும் அம்மா, காதில் விழாவிட்டால் கையைத் தூக்குங்கள். வாம்மா, வந்து நில்.