6/6 இருந்தா ஃபைட்டர் பைலட் ஆயிடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். இருபது வருஷத்துக்கு மேல கண்ணு செக் பண்ற வேலையில இருக்கேன். போர் விமானம் ஓட்டணும்னு ஆசையோட வர்ற பசங்க, பொண்ணுங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன். உள்ள வந்ததும் முதல்ல கேக்குறது, "சார், எனக்கு 6/6 இருக்கு, போதும்ல?" இல்லேன்னா கூட வந்த அம்மா கேப்பாங்க, "இவன் கண்ணாடி போட்டுட்டானே, அவ்ளோதானா?" ரெண்டு பேருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், விஷயம் அந்த எழுத்து அட்டையோட முடியல.

6/6ன்னா பெரிய கழுகுப் பார்வைன்னு நினைச்சிக்கிறாங்க. 1862ல ஸ்னெல்லன்னு ஒரு டச்சு டாக்டர் கொண்டுவந்த கணக்கு அது. 6 மீட்டர் தள்ளி உக்காந்து கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படிக்கணும், அதாவது சட்டைப் பட்டனைவிட சின்னது. இளவயசுல நல்ல கண்ணு இருக்கிறவங்க நிறைய பேரு அதுக்குக் கீழ உள்ள 6/5 வரியையும் படிச்சிருவாங்க. அதனால 6/6ங்கிறது சாதாரண நல்ல பார்வை, அவ்ளோதான்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கண்ணாடியே போடாதவன், வரி வரியா கடகடன்னு படிச்சவன், அவன்கூட ஃபெயில் ஆவான். எப்படின்னா அவனுக்குள்ள பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வைன்னு சொல்ற குறை, ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும். சின்ன வயசுல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வளைஞ்சு கொடுத்து அந்தக் குறையை மறைச்சிரும், அவனுக்கே தெரியாது. அதான் சொட்டு மருந்து விட்டு, அந்த வளைக்கிற தசையை ரெஸ்ட்ல விட்டுட்டு அப்புறம் பாக்குறது. அப்ப குட்டு வெளிய வந்துரும். வாழ்க்கையில ஒரு தடவைகூட கண்ணாடி தொட்டதில்ல சார்னு அழுதுருக்காங்க என் ரூம்ல. இன்னைக்கு அவனுக்கு நல்லாதான் தெரியுது, ஆனா மணிக்கணக்கா அந்தத் தசை வேலை செஞ்சா தலைவலி வரும், வயசு ஏற ஏற விமானத்துல கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற மீட்டரெல்லாம் மங்கும். படைக்காரங்க இன்னைக்கு எப்படின்னு மட்டும் பாக்குறதில்ல, இன்னும் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னும் பாக்குறாங்க.

சரி, எதுக்கு இவ்ளோ கறார்? ரெண்டு விமானம் நேருக்கு நேர் வருதுன்னு வெச்சிக்கோங்க, ஒவ்வொண்ணும் மணிக்கு 900 கிலோமீட்டர். சேத்துப் பாத்தா செகண்டுக்கு 500 மீட்டர் நெருங்குது. 5 கிலோமீட்டர்ல புள்ளியா பாத்தா கையில இருக்கிறது 10 செகண்ட். அதுலயும் வெறும் நீல வானத்துல பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னா கண்ணு தானா ஒண்ணு ரெண்டு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸை இழுத்துக்கும். தூரத்துல வர்றவன் அப்பதான் மங்கலாயிருவான். அதனால பழகின பைலட்டுங்க இறக்கை நுனியையோ தூரத்து மேகத்தையோ ஒரு தடவை பாத்து கண்ணை வெளிய இழுத்துட்டு அப்புறம்தான் வானத்தைத் தேடுவாங்க.

ராத்திரியில பாக்குறது இன்னொரு கதை. இருட்டுக்கு கண்ணு முழுசா பழக அரை மணி நேரம் ஆகும், நடுவுல ஒருத்தர் டார்ச் அடிச்சா போச்சு, திரும்ப முதல்லருந்து. இந்த இடத்துல அம்மாக்கள் எல்லாம் கேரட்டைப் பத்திக் கேப்பாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜான் கன்னிங்ஹாம்னு ஒரு பிரிட்டிஷ் பைலட் ராத்திரியில ஜெர்மன் விமானமா சுட்டுத் தள்ளினாரு. கேரட் சாப்பிட்டுதான் பூனைக்கண்ணு வந்துச்சுன்னு அவங்க அரசாங்கமே பரப்பி விட்டுச்சு. உண்மையில அவரு விமானத்துல ரேடார் இருந்துச்சுங்க, அதை மறைக்கத்தான் அந்தக் கதை! கேரட் நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனா அதனால கண்ணாடி பவர் குறையாது.

இப்ப கலருக்கு வர்றேன். இதைப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு வீட்ல சொல்வாங்க. ஒரு பையன் வந்தான், கூட அம்மா. புள்ளி புள்ளியா இருக்கும் பாருங்க ஒரு புக்கு, உள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கும், ஜப்பான் ராணுவ டாக்டர் இஷிஹாரா 1917ல போட்டது. நான் பக்கத்தைத் திருப்புறதுக்கு முன்னாடியே இவன் சொல்றான், "12, 8, 6, 29, 57." அவ்ளோ ஸ்பீடு! எனக்கு சந்தேகம் வந்து பின்னாடி இருந்து ஒரு பக்கத்தை எடுத்து நீட்டுனேன். குனிஞ்சு பாத்தான், கண்ணைச் சுருக்குனான், அப்புறம் "21"னான். அதுல இருந்தது 74. இன்னொண்ணு எடுத்தேன். 29ஐ "70"ன்னு படிச்சான், இத்தனைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி அவன் வாயாலதான் 29ன்னு சொன்னான். மொத்த வரிசையையும் ஃபோன்ல பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான் பாவம். 74ஐ 21ஆ பாக்குறதுதான் சிவப்பு பச்சைக் குறையோட அடையாளம், புக்கே அப்படித்தான் செஞ்சிருக்கு.

அவன் அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்கப்பா எப்பவும் எங்கம்மாகிட்ட கேட்டுட்டுதான் சட்டை எடுப்பாரு டாக்டர், நாங்க கிண்டல் பண்ணுவோம்"னாங்க. தாத்தாகிட்டருந்து மகளுக்கு, மகள்கிட்டருந்து பேரனுக்கு, அப்படித்தான் இது வரும். மகளுக்கு பெரும்பாலும் இந்தக் குறை வெளிய தெரியாது, அவங்க சும்மா கடத்துறவங்க. அதனால ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி, ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 8 சதவீதம். பையன் கேட்டான், "ஆபரேஷன் இருக்கா சார்?" இல்லப்பா. "கலர் கண்ணாடி?" புள்ளி புக்கை ஏமாத்தலாம், அதனாலயே டெஸ்ட்ல அதை ஒத்துக்க மாட்டாங்க.

கலருக்காக ஒருத்தனை ஒதுக்குறது கொடுமைன்னு தோணும். 2002 ஜூலையில அமெரிக்காவுல டல்லஹாசியில, விடியறதுக்கு முன்னாடி ஒரு கார்கோ விமானம் இறங்க வந்துச்சு. ரன்வே பக்கத்துல நாலு லைட் இருக்கும், ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்புன்னா உயரம் சரி, நாலும் சிவப்புன்னா ரொம்பத் தாழ்வு. சிவப்பு காட்டுது, ஆனா விமானம் கீழ கீழ போய் ரன்வேக்கு முன்னாடியே மரத்துல மோதிருச்சு. உள்ள இருந்த மூணு பேரும் பொழைச்சிக்கிட்டாங்க. விசாரணையில ஓட்டிட்டு வந்த துணை பைலட்டுக்கு பலமான கலர் குறைன்னு தெரிஞ்சுது, அசதியும் சேந்துக்கிச்சு. அவரும் மெடிக்கல் பாஸ் பண்ணி வந்தவர்தான்! இதுக்காகத்தான் நான் புக்கைப் பின்னாடி இருந்து திருப்புறேன்.

ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யுதா, ஆழம் தெரியுதான்னு பாக்குறதைப் பத்தி நிறைய சொல்லலாம்னு வந்தேன், ஆனா ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைம் ஆச்சுன்னு ஏற்கனவே கையைக் காட்றாங்க. கண்ணாடி பவரை எடுக்கிற லேசர் ஆபரேஷனை மட்டும் சொல்லிட்டு முடிச்சிடறேன். லாசிக்ல கருவிழியில மெல்லிசா ஒரு மூடி வெட்டித் திறந்து, லேசர் விட்டு, திரும்ப மூடுவாங்க. பிஆர்கேன்னு இன்னொரு முறை, அதுல மூடி கிடையாது, மேல்தோலை எடுத்துட்டு நேரா லேசர், ஆறத்தான் நாளாகும், வலியும் ஜாஸ்தி. ஆபத்துல பைலட்டை சீட்டோட விமானத்துக்கு வெளிய தூக்கி எறியும்போது அடிக்கிற அந்த வேகக் காத்துல மூடி நகந்துட்டா என்ன பண்றதுன்னு படைகளுக்கு ரொம்ப நாளா பயம், அதனால பிஆர்கேயைத்தான் முதல்ல ஏத்துக்கிட்டாங்க. நாசா 2007ல ரெண்டையுமே விண்வெளி வீரர்களுக்கு அனுமதிச்சுது. ஆனா ஒவ்வொரு படைக்கும் ரூல் வேற. எந்த முறை, ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்ளோ பவர் இருந்துச்சு, எத்தனை மாசம் ஆச்சுன்னு எல்லாத்தையும் கேப்பாங்க. முதல்ல நீங்க சேரப்போற படையோட ரூலைப் படிங்க, அப்புறம் கண்ணுல கை வைங்க. பண்ணிட்டு வந்து என்கிட்ட கேக்காதீங்க, திருப்பி எடுக்க முடியாது! பழைய பவர் சீட்டையும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதையும் கேப்பாங்க.

ஆங், இன்னொண்ணு, சொட்டு மருந்து விடுற அன்னைக்கு தனியா பைக்ல வந்துறாதீங்க, திரும்பிப் போகும்போது வெயில்ல கண்ணே திறக்க முடியாது. டைம் முடிஞ்சிருச்சாம். வணக்கம்.