டிக்கி மூடியில் இருக்கும் ஊர்ப் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் பின்பக்கத்தைப் பார்த்தால் கம்பெனியின் பெயரும் மாடலின் பெயரும் பளிச்சென்று தெரியும். அவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, டிக்கி மூடியின் ஓரத்தில், சின்னதாக இன்னொரு உலோக எழுத்து இருக்கும். அதில் யாரோ ஒருவருடைய பெயர், கூடவே ஓர் ஊரின் பெயர். அந்தக் காரை விற்ற டீலரின் சின்னம் அது. இவற்றைச் சேகரிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்தச் சின்னம் எந்தக் காலத்தது, எந்தக் கடையுடையது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தச் சின்னத்தைப் பொருத்தியது தொழிற்சாலை இல்லை. கார் ஷோரூமுக்கு வந்து சேர்ந்த பிறகு, டீலரின் ஆட்கள் புத்தம்புது மூடியில் துளை போட்டு மாட்டினார்கள். இன்று கேட்டால் மனம் பதறும், அன்று அது சாதாரண வழக்கம். காரை வாங்கியவர் காசில்லாமலே அந்தக் கடைக்கு ஊரெல்லாம் விளம்பரம் செய்தார். ஆகவே கார் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் இவற்றைத் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு டீலரும் தனக்குப் பிடித்த எழுத்தில், பிடித்த வடிவத்தில் செய்துகொண்டது இது. பல சிறிய கடைகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே பொருள் இந்தச் சின்னமாகவே இருக்கலாம். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

சரி, ஒன்று கையில் கிடைத்துவிட்டது. முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் இருப்பது பெயர் மட்டும்தான். காலத்தைச் சொல்வது பின்பக்கம். எனாமல் பூசிய பித்தளைத் தகடு என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. டேஷ்போர்டில் திருகி வைத்திருப்பார்கள். பின்னால் இரண்டு மூன்று குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான குரோம் எழுத்து என்றால் 1940களிலிருந்து 1960கள் வரை யோசிக்கலாம். அது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது. குச்சிகள் இல்லாமல் ஒட்டும் டேப்போடு வரும் லேசான பிளாஸ்டிக் சின்னம் அதற்குப் பிந்தையது.

அந்தத் துத்தநாகத்துக்கு ஒரு குணம் உண்டு. குரோம் பூச்சின் நுண்ணிய ஓட்டைகள் வழியே ஈரம் இறங்கினால், அடியில் இருக்கும் உலோகம் அரித்து, மேற்பரப்பில் வேர்க்குரு போலப் பொடிப்பொடியாகக் கிளம்பும். பலர் இதைக் குறையாக நினைத்து மறுபடி குரோம் பூசிவிடுகிறார்கள். நான் அதை ஆதரிப்பதில்லை. தேய்த்து மெருகேற்றும்போது எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், பள்ளத்தில் இருக்கும் பழைய வண்ணமும் போய்விடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பின்விளிம்பில் சில நேரம் காரின் பெயின்ட் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். சின்னத்தைக் கழற்றாமலே காருக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

அடுத்து, மாநிலத்தின் பெயரை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க அஞ்சல் துறை இரண்டெழுத்துச் சுருக்கங்களைக் கொண்டுவந்தது 1963-இல். கலிஃபோர்னியாவை 'கலிஃப்' என்று சுருக்குவது பழைய பாணி, 'சி.ஏ.' என்பது புதியது. புதிய பாணி இருந்தால் சின்னம் 1963-க்குப் பிந்தையது என்று ஏறக்குறைய நம்பலாம். பழைய பாணியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குப் பிறகும் பலர் அதையே எழுதினார்கள்.

கார் பிராண்டின் பெயரும் இருந்தால் வேலை சுலபம். டிசோட்டோவும் பிளைமவுத்தும் 1928-இல் தொடங்கின. டிசோட்டோ 1960-இல் நின்றது. ஆகவே இரண்டு பெயரும் சேர்ந்த சின்னம் அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பேக்கர்ட் 1958-இலும் ஸ்டூடிபேக்கர் 1966-இலும் முடிந்தன. பேக்கர்ட் என்றதும், வானொலி நேயர்களுக்கு ஒரு செய்தி: கலிஃபோர்னியாவில் அந்தக் காரை விற்ற ஏர்ல் சி. ஆண்டனிதான் 1922-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கே.எஃப்.ஐ. வானொலி நிலையத்தைத் தொடங்கியவர்.

பிராண்டும் இல்லை, மாநிலமும் இல்லை, 'ஸ்பிரிங்ஃபீல்டு' என்று ஊர் மட்டும் இருக்கிறது என்றால்? அந்தப் பெயரில் பல மாநிலங்களில் ஊர் உண்டு. அப்போது பழைய நகர முகவரிப் புத்தகங்கள், உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரங்கள், தீக்காப்பீட்டுக்காக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்கள் என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அந்த வரைபடங்களில் எந்தக் கட்டடம் கராஜ் என்றுகூடக் குறித்திருப்பார்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் தெருவோடு கடை அகப்படும்போது வரும் சந்தோஷம் பெரிது.

புகழ்பெற்ற டீலர்கள் விஷயத்தில் மட்டும் ரொம்ப எச்சரிக்கையாக இருங்கள். பென்சில்வேனியாவின் யென்கோ, சிகாகோவின் நிக்கி போன்றவர்கள் 1960களில் ஷெவர்லே கார்களை வேகத்துக்காகத் தாங்களே மாற்றியமைத்து விற்றவர்கள். நிக்கியின் பெயரில் 'கே' எழுத்து மட்டும் இடவலம் மாறித் திரும்பி நிற்கும். இந்தப் பெயர்களுக்கு மவுசு அதிகம் என்பதால் புதிதாகச் செய்த நகல்கள் நிறையவே உண்டு. சின்னம் இருக்கிறது என்பதற்காகக் கார் அசல் ஆகிவிடாது.

ஓடுகிற பழைய காரிலிருந்து சின்னத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். அந்தக் காரின் பிறப்புச் சான்றில் பாதி அதுதான். உடைப்புக்கு வந்த கார் என்றால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, டிக்கியின் உள்ளே இருக்கும் நட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். முன்னாலிருந்து நெம்பினால் குச்சி முறிந்துவிடும். அப்புறம், எந்தக் காரில், எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விலையுயர்ந்த பழைய குரோமை நான் சொல்லமாட்டேன். 2009-இல் திவாலான கிரைஸ்லர் கார் கம்பெனி ஒரே மூச்சில் 789 டீலர்களோடு ஒப்பந்தத்தை முறித்தது. ஓல்ட்ஸ்மொபீல் பிராண்டு 2004-இலும் போன்டியாக் 2010-இலும் போயின. அந்தக் கடைகளின் பிளாஸ்டிக் சின்னங்களை இன்று சீந்துவார் குறைவு, அவை காரோடு காராக உடைபட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றில் தொடங்குங்கள்.

வணக்கம்.