வெர்டனா, சோமா? முதல் உலகப் போரின் மிகக் கொடூரமான களம் எது?

வணக்கம். முதல் உலகப் போரைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், அரை மணி நேரத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். எல்லாவற்றிலும் கொடூரமான சண்டை எது? ஒருவர் சோம் என்பார். இன்னொருவர் வெர்டன் என்பார். இரண்டும் 1916-இல் பிரான்ஸில் நடந்த சண்டைகள். சேற்றைப் பற்றிப் படித்தவர் பாஷன்டேலை விட்டுக்கொடுக்க மாட்டார். அப்புறம் ஆளாளுக்கு எண்ணிக்கையை எடுத்துப் போடுவார்கள்.

என் பதில் வெர்டன். அதைக் கடைசிவரை மறைத்து வைக்கப்போவதில்லை. ஆனால் மற்றவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

[திரையில்: வடக்கு பிரான்ஸ் வரைபடம், சோம் ஆறு]

1916 ஜூலை 1, காலை 7.30. அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் பிரிட்டன் ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகளை ஜெர்மானியர் மீது கொட்டித் தீர்த்திருந்தது. எதிர்ப்பக்கம் உயிரோடு யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் வீரர்களைப் பதுங்குகுழிகளிலிருந்து மேலே ஏற்றினார்கள். ஜெர்மானியரோ சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, ஆழத்தில் அறைகள் அமைத்துக் காத்திருந்தார்கள். முள்கம்பி வேலி பல இடங்களில் அறுபடவே இல்லை. குண்டுமழை நகர்ந்ததும் மேலே ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு 57,470 பேர்.

இங்கே ஒரு நிமிடம். இந்த 57,470 என்பது இறந்தவர்கள் மட்டும் அல்ல. காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாரும் சேர்ந்த கணக்கு. இறந்தவர்கள் 19,240 பேர். போர்களை ஒப்பிடும்போது பாதிக் குழப்பம் இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்குவதால்தான் வருகிறது.

சரி, அந்தப் பெரிய எண்ணை விட்டுவிட்டு ஒரே ஒரு படைப்பிரிவைப் பார்ப்போம். நியூஃபவுண்ட்லாந்து. அன்றைக்கு அது கனடாவோடு சேராத தனித் தீவு. போமோன் அமெல் என்ற ஊருக்கு எதிரே நின்ற அந்தப் பையன்களுக்குக் காலை 9 மணியைத் தாண்டி உத்தரவு வந்தது. முன்வரிசைக்குப் போகும் பதுங்குகுழிகளெல்லாம் பிணங்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைத்துக் கிடந்தன. அதனால் பின்வரிசையிலேயே மேலே ஏறி, திறந்த சரிவில் நடந்தார்கள். தங்கள் பக்கத்து முள்வேலியில் விட்டிருந்த சில இடைவெளிகள் வழியாகத்தான் போக வேண்டும். எதிரியின் துப்பாக்கிகள் அந்த இடைவெளிகளையே குறி பார்த்திருந்தன. பனிப்புயலுக்குள் நடப்பவர்களைப் போலத் தாடையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நடந்தார்கள் என்று பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. போனவர்கள் ஏறக்குறைய 800. மறுநாள் பெயர் வாசித்தபோது பதில் சொன்னவர்கள் 68.

ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் அன்றைய நாள் இந்த இளைஞர்களை நினைத்தே தொடங்குகிறது.

அப்படியானால் போரின் மிக மோசமான நாள் இதுதானா? பிரிட்டனுக்கு ஆம். பிரான்ஸைக் கேட்டால் 1914 ஆகஸ்ட் 22 என்று சொல்ல வேண்டும். போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சிவப்புக் கால்சட்டையோடு ஆர்டென் காடுகளிலும் மற்ற முனைகளிலும் போரிட்ட பிரெஞ்சுப் படையில் அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 27,000 பேர் இறந்தார்கள். இந்த நாளைப் பற்றி ஆங்கில வீடியோக்களில் அவ்வளவாகப் பேச்சே இல்லை. யார் கதை சொல்கிறார்களோ அவர்கள் துக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. கிழக்கே 1915-இன் தொடக்கத்தில் கார்ப்பேத்திய மலைப்பனியில் விறைத்துச் செத்த ஆஸ்திரிய-ஹங்கேரி வீரர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் அந்த அளவுகூட இடம் கிடைக்கவில்லை.

[திரையில்: குண்டுக்குழிகள் நிறைந்த சேற்று நிலம், நடைபலகைகள்]

பாஷன்டேல், 1917 ஜூலை இறுதி முதல் நவம்பர் வரை. பெல்ஜியத்தின் தாழ்ந்த களிமண் நிலம். வடிகால்களைக் குண்டுகள் உடைத்துப்போட்டன, மேலே மழை. மரப்பலகைப் பாதையிலிருந்து கால் தவறினால் இடுப்பளவு சேறு. ஒருவரைத் தூக்குக்கட்டிலில் சுமந்துவர ஆறு, எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். காயத்தோடு குழிக்குள் விழுந்தவர்கள் தண்ணீர் ஏற ஏற மூழ்கிப்போனார்கள். பக்கத்திலேயே ஆள் இருந்தும் இழுக்க முடியவில்லை. இதைக் கேட்டபிறகு பாஷன்டேல்தான் என்று ஒருவர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ஆனாலும் என் மனசு வெர்டனுக்குத்தான் போகிறது.

[திரையில்: மியூஸ் ஆறு, சுற்றிலும் குன்றுகள், கோட்டைகள்]

வெர்டன் என்பது வடகிழக்கு பிரான்ஸில் உள்ள ஓர் ஊர். அதை ஜெர்மானியர் தாக்கினார்கள், பிரெஞ்சுப் படை காத்தது. 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, ஏறத்தாழ 300 நாள். இரு தரப்பிலும் சேர்த்து இழப்பு சுமார் 7 லட்சம், அதில் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம். மொத்த எண்ணிக்கையில் சோம் இதைவிடப் பெரியது, அங்கே 10 லட்சத்தைத் தாண்டும். நான் எண்ணிக்கையை வைத்து வாதாடவில்லை. வெர்டனில் சண்டை ஒரே சின்ன இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஃப்ளோரி என்ற கிராமம் அந்தக் கோடையில் 16 முறை கைமாறியது. போருக்கு முன் 400 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், கடைசியில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. பீரங்கிக்குண்டு ஒருவனைக் கொன்றது. அடுத்த வாரக் குண்டு அவனைப் புதைத்தது. அதற்கடுத்தது தோண்டி வெளியே வீசியது. வீட்டுக்குப் போன தகவலில் "காணவில்லை" என்று மட்டும் இருந்தது. எரிக்கவோ புதைக்கவோ ஒரு உடலாவது கிடைத்தால்தானே ஒரு தாய் அழுது முடிக்க முடியும்?

பிரெஞ்சுத் தளபதி பெத்தான் படைப்பிரிவுகளைச் சுழற்சி முறையில் அனுப்பினார். கொஞ்ச நாள் களத்தில், அப்புறம் ஓய்வு, அடுத்த பிரிவு உள்ளே. இதற்கு அவர்கள் வைத்த பெயர் நோரியா. வாளிகள் கோத்த நீர்ச்சக்கரம் என்று பொருள். நம் கிணற்றில் காலி வாளி உள்ளே போய் நிரம்பி மேலே வரும். வெர்டனில் நிரம்பியது உள்ளே போய்க் காலியாகி வெளியே வந்தது. இந்த ஏற்பாட்டால்தான் பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி வெர்டனைக் கண்ணால் பார்த்துவிட்டது. பார்-லெ-டுக் ஊரிலிருந்து வந்த ஒரே சாலையில், நெருக்கடியான நாட்களில் 14 நொடிக்கு ஒரு லாரி போனது. சாலை உடைய உடைய, லாரிகளை நிறுத்தாமல் சக்கரத்தடியிலேயே ஜல்லியை அள்ளிப் போட்டார்கள்.

வெர்டனைச் சுற்றியிருந்த பிரெஞ்சுக் கோட்டைகளில் ஒன்றான வோ கோட்டைக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். ஜூன் தொடக்கம். மேஜர் ரெய்னால் தலைமையில் 600-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் அடைந்து கிடந்தார்கள். அத்தனை பேருக்கான இடம் அது இல்லை. மேல்தளம் ஜெர்மானியர் கையில். கீழே இருட்டு நடைவழிகளில் மணல்மூட்டைச் சுவர்களுக்குப் பின்னால் கையெறி குண்டு, தீப்பிழம்பு, புகை என்று சண்டை நடந்தது. தண்ணீர்த் தொட்டியில் கணக்குப்படி இருக்க வேண்டிய தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜூன் 4-ஆம் தேதி கடைசிப் புறாவைப் பறக்கவிட்டார் ரெய்னால். இன்னும் தாக்குப்பிடிக்கிறோம், புகையும் நச்சுவாயுவும் ஆபத்தாக இருக்கின்றன, உடனே ஆள் அனுப்புங்கள், இதுதான் என் கடைசிப் புறா என்பது செய்தி. அந்தப் புறா வெர்டன் போய்ச் சேர்ந்தது, உதவிதான் வந்து சேரவில்லை. உள்ளே இருந்தவர்கள் சுவரில் கசிந்த ஈரத்தை நக்கினார்கள். ஜூன் 7-ஆம் தேதி கோட்டை பணிந்தது. அவர்களைத் தோற்கடித்தது தாகம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரான்ஸை "ரத்தம் வற்றச் செய்வதே" என் நோக்கம் என்று ஜெர்மானியத் தலைமைத் தளபதி ஃபால்கன்ஹைன் போருக்குப் பின் எழுதினார். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மானியப் பேரரசர் கைசரிடம் கொடுத்ததாக அவர் சொன்ன அந்தக் குறிப்பின் மூலப்பிரதி இதுவரை கிடைக்கவில்லை. ஊரைப் பிடிக்க முடியாமல் போனதும் பின்னால் ஜோடித்த காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அது உண்மையானால் இன்னும் மோசம். ஊரைப் பிடிக்க வந்து, பிடிக்க முடியாமல், திரும்பவும் மனமில்லாமல் பத்து மாதம் கொன்றிருக்கிறார்கள்.

[திரையில்: இன்றைய வெர்டன் காடு, அலை அலையான தரை]

இன்று அங்கே காடு வளர்ந்திருக்கிறது. தரை மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருக்கிறது. வெடிக்காத குண்டுகளை இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். போருக்குப் பின் நச்சுவாயுக் குண்டுகளைக் குவித்து எரித்த ஒரு திட்டில், மண்ணில் ஏறிய ஆர்செனிக்கால் இன்றும் புல் சரியாக முளைப்பதில்லை. அழிந்த ஒன்பது கிராமங்களில் ஆறு திரும்பக் கட்டப்படவே இல்லை. ஆள் இல்லாத அந்த ஊர்களுக்கு இன்றும் மேயரை நியமிக்கிறார்கள்.

டூவாமோன் குன்றில் ஒரு நினைவுக்கூடம் இருக்கிறது. அதன் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன ஜன்னல்கள். குனிந்து பார்த்தால் உள்ளே எலும்புகள். பிரெஞ்சு, ஜெர்மன் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாக வைக்கப்பட்ட, பெயர் தெரியாத 1,30,000 பேர்.

2013-இல் ஃப்ளோரி கிராமம் இருந்த இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. சிலருடைய அடையாளத் தகடு எழுத்து அழியாமல் இருந்தது. "காணவில்லை" என்ற பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை எடுக்க 97 வருடம் ஆனது.