விமான வாசலில் என் நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சாலை விபத்தில் என் முதுகுத்தண்டு அடிபட்டு 11 வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வேலைக்காக வருடத்துக்கு நாலைந்து தடவை சக்கர நாற்காலியோடு விமானத்தில் போய் வருகிறேன்.

செக்-இன் கவுண்டரில் வழக்கமாக முதலில் சொல்வது இதுதான்: "உங்க சேரை லக்கேஜ்ல போட்டுடலாம் மேடம், எங்க சேர்ல மாறி உட்காருங்க." கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் என் நாற்காலி என் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. அதன் பெரிய சக்கரங்களைக் கையால் தள்ளி, நினைத்த இடத்துக்கு நானே போவேன். விமான நிலையத்து நாற்காலிகளில் பலவற்றுக்கு நான்குமே சின்னச் சக்கரங்கள். பின்னால் ஒருவர் தள்ளினால்தான் நகரும்.

ஒருமுறை அப்படி மாறி உட்கார்ந்தேன். கேட் பக்கத்தில், ஒரு தூணைப் பார்த்தபடி என்னை நிறுத்திவிட்டு, உதவியாளர் அடுத்த பயணியை அழைத்துவரப் போய்விட்டார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தார். குடிநீர்க் குழாய் கண்ணெதிரே இருந்தது. கழிப்பறைப் பலகையும் தெரிந்தது. எதற்கும் போக முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் ஒருவரே எத்தனை பேரைத் தள்ளினாரோ. என் நாற்காலி என்னிடம் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு நடை மிச்சம்.

அன்றிலிருந்து ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. விமான வாசல்வரை என் நாற்காலியில்தான் வருவேன். இறங்கும்போதும் அது வாசலுக்கே வரவேண்டும், லக்கேஜ் வரும் பெல்ட்டுக்குப் போகக்கூடாது. டேக் ஒட்டும்போதே அதை எழுதச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

முதல்முறை போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இது. உதவி வேண்டும் என்பதைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். 'வீல்சேர்' என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் கணக்கில் மூன்று வகை உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்பவருக்கு ஒரு குறியீடு. படியும் ஏறமுடியாது என்றால் இன்னொன்று. இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு 'டபிள்யூ.சி.ஹெச்.சி.' அந்தக் கடைசி எழுத்து மாறி முதல் வகையில் பதிவாகிவிட்டால், ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து விமான வாசலுக்குப் போகும் நடைபாலம்) இல்லாத இடத்தில், நாற்காலியோடு நம்மை வாசல் உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் வண்டி வராமல் போகலாம். படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டியதுதான்.

வாசலில் இருந்து இருக்கைக்கு ஒல்லியான ஒரு நாற்காலியில் மாற்றுவார்கள். இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கப் போவார்கள். அந்த நேரத்தில் நான் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம், நான் சொல்ற மாதிரி பண்ணுங்க" என்பேன். ஒருவர் பின்னாலிருந்து என் அக்குளுக்கடியில் கைவிட்டு என் முன்கைகளைப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் முழங்காலுக்கடியில். நான் மூன்று எண்ணியதும் தூக்கவேண்டும். எனக்குக் காலில் உணர்வு இல்லாததால், கால் எங்கே இடித்தாலும் தெரியாது. வீட்டுக்குப் போய் இரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரியும். கூட வந்த என் அக்காவிடம், "இவங்களை எப்படித் தூக்கணும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியை என்னிடம் கேளுங்கள் ஐயா, உடம்பு என்னுடையது.

அப்புறம், நடைவழிப் பக்கத்துக் கைப்பிடி. அது தூக்க வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் கைப்பிடிக்கு அடியில், மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி ஒளிந்திருக்கும். விரலால் அழுத்தினால் கைப்பிடி மேலே போய்விடும். ஒரு சாண் உயரத்துக்கு என்னைத் தூக்கி அதைத் தாண்டவைக்க வேண்டியதில்லை. எத்தனையோ பணிப்பெண்களுக்கு அந்தக் கொக்கியை நான்தான் காட்டியிருக்கிறேன். இருக்கைமேல் என் காற்று மெத்தையைப் போட்டுத்தான் உட்காருவேன். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் அழுந்தினாலே புண் வரலாம், ஆற மாதக்கணக்காகும்.

கழிப்பறை பற்றி மூடி மறைக்காமல் சொல்கிறேன். உள்நாட்டில் பெரும்பாலும் ஓடுவது ஒற்றை நடைவழி விமானங்கள். அவற்றின் கழிப்பறைக்குள் நாற்காலியோடு நுழைய வழியில்லை. அதனால் எங்களில் பலர் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். சிறுநீர்த் தொற்று வரும் என்று தெரிந்தே செய்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2012 பிப்ரவரியில் ஜீஜா கோஷ் என்பவர் கொல்கத்தாவில் கோவா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். பெருமூளை வாதம் உள்ளவர், ஒரு மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் வழக்குத் தொடுத்தார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த பிறகு, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியைத் திருத்தியது. ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. பறக்கும்போது பயணியின் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தரவேண்டும். இந்த விதியை அச்சடித்து என் பையில் வைத்திருக்கிறேன்.

ஒருமுறை என் நாற்காலியின் முன்சக்கரம் வளைந்து வந்தது. சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். இப்போது மெத்தையையும் பக்கத் தகடுகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நாற்காலியின் கம்பிச் சட்டகத்தில் ஓர் அட்டையைக் கட்டிவிடுகிறேன்: 'இங்கே பிடித்துத் தூக்குங்கள், சக்கரத்தைப் பிடிக்காதீர்கள்.'

போன மாதம் கோயம்புத்தூரில் இறங்கினேன். எல்லோரும் இறங்கி முடித்த பிறகு எட்டிப் பார்த்தால், வாசலில் என் நாற்காலி நிற்கிறது. அட்டையும் அப்படியே இருந்தது. மெத்தையைப் போட்டு, மாறி உட்கார்ந்து, பிரேக்கை எடுத்தேன். உதவிக்கு வந்த தம்பி பழக்கத்தில் பின்னால் போய்ப் பிடியைப் பிடித்தார்.

"வேண்டாம் தம்பி, சும்மா பக்கத்துல நடந்து வாங்க" என்றேன்.

வெளியே வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம். அவருக்கு ஊர் அன்னூராம்.