கலந்தது யார்?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லோடு வேலூருக்கு வந்திருக்கிறேன்: கலப்படம்.

இதன் வேர் 'கல'. நல்ல வேர். கொத்தனார் சிமெண்டும் மணலும் போட்டுக் குழைப்பது கலவை. 'கலந்து பேசிச் சொல்கிறோம்' என்று பெண் வீட்டார் சொன்னால் அதில் மரியாதை இருக்கிறது. காதலியின் வாயூறலைப் பாலொடு தேன் கலந்தாற்போல என்றார் வள்ளுவர். அந்த வேரில் 'கலப்பு' பிறந்து, 'அடம்' சேர்ந்து கலப்படம் ஆனது. கட்டு கட்டடம் ஆனது மாதிரி, ஒற்று ஒற்றடம் ஆனது மாதிரி. கட்டடத்திலும் ஒற்றடத்திலும் ஒரு குற்றமும் இல்லை. கலப்படத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது?

மறைப்பதிலிருந்து வந்தது. 916 நகை என்றால் ஆயிரம் பங்கில் 916 தங்கம், மீதி செம்பு, வெள்ளி. முத்திரை போட்டுச் சொல்லி விற்கிறார்கள், அதைச் சேர்மானம் என்கிறோம். தங்கத்தைக் குறைத்துவிட்டு அதே முத்திரையைக் குத்தினால் மோசடி. மலையாளிகள் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள். கலப்படத்துக்கு அவர்கள் சொல் 'மாயம்'. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் 'கல்தீ' என்பார்கள், கன்னடத்தில் 'கலபெரகெ'.

அதனால்தான், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளை யாராவது 'கலப்படம்' என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே யார் எதை மறைத்தார்கள்? அது கலப்பு மணம்.

சரி, இந்தக் காகிதத்தைப் பாருங்கள். கொஞ்சம் கடுகு, அதோடு பிரம்மதண்டு விதை. நம் தரிசுகளில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்குமே, அதுதான். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று. விரலில் உருட்டுங்கள்: கடுகு வழுவழுப்பு, இது சொரசொரப்பு. நகத்தால் நசுக்குங்கள்: கடுகுக்குள் மஞ்சள், இதற்குள் வெள்ளை. இந்தச் செடிக்கு இன்னொரு பெயர் குடியோட்டிப் பூண்டு. 1998-இல் டெல்லியில் இதன் எண்ணெய் கடுகெண்ணெயில் சேர்ந்து, தின்றவர்களுக்குக் கால் வீங்கி, அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சென்னை மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் 1918-லேயே வந்துவிட்டது, நாடு முழுமைக்கும் 1954-இல். எண்பது வருஷம் சட்டம் இருந்த பிறகும் ஒரு கரண்டி எண்ணெயை நம்பித் தாளிக்க முடியவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம், 'கல'வில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 'அவர் கலந்தார்' என்றும் சொல்லலாம், 'அது கலந்தது' என்றும் சொல்லலாம். இரண்டாவதில் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். கடைக்காரரைக் கேளுங்கள், 'எப்படியோ கலந்துபோச்சுங்க' என்பார். பாலாற்றைப் பற்றி நாமும் அப்படித்தானே பேசினோம்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று கரை நெடுக டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். கிணற்று நீர் உப்புக் கரித்தது, நிலம் கெட்டது. கேட்டால், 'ஆற்றில் கழிவு கலந்துவிட்டது.' தானாக நடந்து வந்து கலந்தது போல!

அந்த வாக்கியத்தை வேலூர்க்காரர்களே மாற்றினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே என்றது நீதிமன்றம். அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்திலும் வேறு நான்கு மாவட்டங்களிலும் இருந்த டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.