சால்வை போதாது, கையெழுத்தும் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்து அவசரமாக வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அக்காக்களே, வணக்கம்.

"ஊருக்கு உழைக்கும் பெண்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை பாராட்டா, பொறுப்பா?" இதுதான் தலைப்பு. பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, தொண்டு செய்கிறவர்கள் பதவியை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றார். அதற்கு ஐடா ஸ்கட்டர் அம்மையாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நாகநதிப் பெண்களைப் பிரதமரே பாராட்டினாரே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றும் கேட்டார். ரொம்ப சந்தோஷம். அந்த இரண்டு சாட்சிகளையும் நானே விசாரித்துக்கொள்கிறேன்.

ஐடா அம்மையார் நம் ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போனார். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் பிடிவாதமாக இருந்த காலம் அது. திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தாலும் நாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். ஆனால் அவர் நிற்கவில்லை. 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். ஆறு பேராவது சேர வருவார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பங்களோ நூறைத் தாண்டின. அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். படிப்பில் ஆண்கள் சேர்ந்ததே 1947-ல்தான்.

நடுவர் அவர்களே, அந்த அம்மையார் செய்தது என்ன? உதவிக்கு வந்த பெண்களின் முதுகைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை. படிக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பைக் கையில் கொடுத்து, "இனி நீ முடிவெடு" என்று நிறுத்தினார். எதிரணி கூப்பிட்ட சாட்சி என் பக்கம்தான் சொல்கிறது.

அடுத்தது நாகநதி. ஜவ்வாது மலையிலிருந்து வருகிற ஆறு. பல வருடம் வறண்டு வெறும் மணலாகக் கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை இரண்டு மாவட்டங்களிலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி உறிஞ்சு கிணறு வெட்டினார்கள், ஓடைகளில் கல் தடுப்பு அடுக்கினார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஓடிப்போகாமல் பூமிக்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வேலூர் வெயிலில் சித்திரை மாதம் குழிக்குள் நின்று மண்ணைக் கூடையில் தூக்கிக் கொடுப்பது என்ன வேலை என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் பாராட்டியது நியாயமான பாராட்டு. நானும் கை தட்டினேன். ஆனால் கேட்கிறேன்: அடுத்த கிணறு எந்த ஓடையோரம் வர வேண்டும், எந்த ஏரி வரத்துக்கால்வாயை முதலில் தூர் வார வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தப் பெண்கள் இருக்க வேண்டாமா? எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே தேங்காது என்பது வெட்டினவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பொறுப்பு கொடுத்தால் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க வேண்டுமா? எந்த ஊருக்காவது போய் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். கோயில் திண்ணையிலோ யார் வீட்டு வாசலிலோ பாய் விரித்திருக்கும். குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தைத் திறப்பார். சேமிப்புப் பணத்தை எல்லோர் எதிரிலும் எண்ணுவார்கள். போன வாரம் கடன் வாங்கியவர் தவணை கட்டவில்லை என்றால் ஏன் என்று அங்கேயே கேள்வி வரும். "பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குச் செலவாகிவிட்டது" என்று பதில் வந்தால் சரி, அடுத்த வாரம் என்று எழுதிக்கொள்வார்கள். பீடி சுற்றும் அக்காவும் ஷூ கம்பெனிக்குப் போகும் தங்கச்சியும் அந்தப் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பணத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். இன்று பள்ளிக்கூடக் காலை உணவை அதிகாலையில் எழுந்து சமைப்பதும் இதே குழுப் பெண்கள்தான்.

எதிரணி கடைசியாக ஒன்று கேட்டது. நாற்காலி மனைவிக்கு, அதிகாரம் கணவனுக்கு என்றுதானே பஞ்சாயத்துகளில் நடக்கிறது? பல இடங்களில் நடக்கிறது, நான் மறுக்கவில்லை. அதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது. அதற்கு வைத்தியம், குறுக்கே வந்து உட்கார்ந்தவரை எழுப்புவதுதான். நாற்காலியைப் பறிப்பது எப்படி வைத்தியம் ஆகும்? உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் தமிழ்நாட்டில் 2016-ல்தான் வந்தது. ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. இவர்களுக்கு இரண்டு தேர்தல்கூட முழுசாகத் தரமாட்டோமா?

தந்த இடத்தில் என்ன நடந்தது என்று நம் வேலூர் மாநகராட்சியையே பாருங்கள். 2022 தேர்தலில் 37-ஆவது வார்டு மக்கள், பல காலம் சமூக சேவை செய்துவந்த கங்கா நாயக் என்ற திருநங்கையைக் கவுன்சிலராக்கினார்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பியிருக்கலாம் அல்லவா? அந்த வார்டு மக்கள் ஓட்டுப் போட்டு மன்றத்துக்கு அனுப்பினார்கள். தொண்டுக்கு மரியாதை செய்வது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊர்த் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ஆடி மாதம் விடியற்காலையில் எழுந்து கூழ் காய்ச்சுவது பெண்கள், மோர்ப்பந்தலில் நிற்பது பெண்கள், வசூலுக்கு வீடு வீடாக ஏறி இறங்குவது பெண்கள். விழாக்குழு என்று அச்சடித்த இடத்தில் எத்தனை பெண் பெயர் இருக்கிறது? எத்தனை குழுவில் பொருளாளர் ஒரு பெண்?

ஆகவே நடுவர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். அடுத்த கிராம சபையில் பயனாளிப் பட்டியலை வாசிக்கும்போது பெண்கள் கை தட்டுவதற்காக மட்டும் முன்வரிசையில் உட்காரக் கூடாது. பட்டியலைப் பஞ்சாயத்துத் தலைவி தானே வாசிக்க வேண்டும், கணக்கைத் தானே சொல்ல வேண்டும், காசோலையில் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கணவருக்கு எங்களோடு கீழே ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.